பத்திரிகைக் கணக்கும் இலைக் கணக்கும்: ஸ்டேட்கவுண்டர் உலாவி அளவீடு எவ்வளவு உதவும்?

கல்யாணத்துக்கு எத்தனை பத்திரிகை அடித்தார்கள் என்று பார்த்துச் சமையற்காரருக்குப் பணம் கொடுப்பதில்லை. விழுந்த இலையை எண்ணித்தான் கொடுப்பார்கள். உலாவி (பிரவுசர்) விஷயத்தில் மட்டும் பத்திரிகையை எண்ணும் பழக்கம் இன்னும் போகவில்லை. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைத் துணிக்கடைக்கோ ஒரு தமிழ் அமைப்புக்கோ இணையத்தளம் கட்டும்போது, எந்தெந்த உலாவியில் சோதிப்பது என்ற கேள்வி வரும். உடனே கண்ணில் படுவது பதிவிறக்க எண். இலையை, அதாவது உண்மையான பயன்பாட்டை, எண்ணித் தருகிறோம் என்று வரும் இலவசச் சேவை ஸ்டேட்கவுண்டர் குளோபல் ஸ்டேட்ஸ்.

முதலில் பத்திரிகைக் கணக்கு. 2008 ஜூனில் ஃபயர்பாக்ஸ் 3 வெளியானபோது 24 மணி நேரத்தில் 8,002,530 பதிவிறக்கங்கள்; கின்னஸ் சாதனை. 2009 ஜூனில் சஃபாரி 4 மூன்றே நாளில் 11 மில்லியனைத் தாண்டியதாக ஆப்பிள் அறிவித்தது. அதில் 6 மில்லியனுக்கு மேல் விண்டோசுக்கானவை. அந்த விண்டோஸ் சஃபாரியோ 2012இல் 5.1.7 பதிப்போடு நின்றுபோனது. ஆப்பரா 8 நான்கு நாளில் ஒரு மில்லியனைத் தொட்டால் அமெரிக்காவுக்கே நீந்துகிறேன் என்று 2005இல் அதன் தலைவர் சவால் விட்டார். எண் வந்தது, அவரும் கடலில் குதித்தார். ஆப்பராவின் பயன்பாட்டுப் பங்கு மட்டும் குதிக்கவில்லை.

எண் பொய் இல்லை, ஆனால் அது அளப்பது வேறு. விண்டோசில் ஃபயர்பாக்ஸ் பக்கத்திலிருந்து முதலில் இறங்குவது ஒரு சின்ன நிறுவி. முழு உலாவியை அதுதான் பிறகு இழுக்கிறது. நடுவில் இணைப்பு அறுந்தால் பதிவிறக்கம் 1, நிறுவல் 0. அலுவலகத்தில் தகவல் தொழில்நுட்பப் பிரிவு ஒரு கோப்பை இறக்கி 300 கணினிகளில் ஏற்றினால் பதிவிறக்கம் 1, நிறுவல் 300. உயர்நிலைப் பள்ளி மாணவர் கையிலுள்ள குரோம்புக்கில் குரோம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே பதிவிறக்கம் என்ற பேச்சே இல்லை. பிளே ஸ்டோரில் குரோமுக்குக் கீழே தெரியும் ‘10 பில்லியன்+’ ஒரு படிநிலை எண். ஏறுமே தவிர, யார் நீக்கினாலும் இறங்காது. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் எண்ணையே காட்டுவதில்லை.

தமிழுக்கும் இதே கதி. ஆங்கில ஃபயர்பாக்ஸை இறக்கியவர் அமைப்புகளில் பொது, மொழி என்று போய்த் தமிழை ஏற்றிக்கொள்ளலாம். அவர் தமிழ்ப் பதிப்பின் பதிவிறக்கத்தில் வரவே மாட்டார்.

இனி ஸ்டேட்கவுண்டர். தன் நிரல் பதிக்கப்பட்ட தளங்களில் திறக்கப்படும் பக்கங்களை அது எண்ணுகிறது. வரைபடத்தின் தரவைத் திருத்தும் பொத்தானை அழுத்தி, புள்ளிவிவரத்தில் உலாவி, வட்டாரத்தில் சிங்கப்பூர், காலத்தில் கடைசி 12 மாதம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தளவகையை (பிளாட்ஃபார்ம்) மேசைக்கணினிக்கு ஒரு முறை, கைப்பேசிக்கு ஒரு முறை எனத் தனித்தனியாக எடுப்பது அவசியம். சேர்த்து எடுத்தால் இரண்டும் கலந்து எதற்கும் உதவாத சராசரி வரும். அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி உண்டு, கட்டணம் இல்லை. இந்த அளவுக்கு நல்ல சேவைதான்.

ஓட்டைகளையும் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். எண்ணப்படுவது பக்கம், ஆள் அல்ல: நாளுக்கு 200 பக்கம் புரட்டுபவர், 2 பக்கம் பார்ப்பவரைப்போல் நூறு மடங்கு கனம் பெறுகிறார். விளம்பரத் தடுப்பான்கள் ஸ்டேட்கவுண்டர் நிரலையும் தடுப்பதால், அவற்றை விரும்பிப் போடும் ஃபயர்பாக்ஸ், பிரேவ் ஆட்கள் குறைத்தே எண்ணப்படுகிறார்கள். பிரேவ் தன்னைக் குரோம் என்றே அறிவிக்கிறது. தளங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பியதால் விவால்டி உலாவியும் 2019 டிசம்பரிலிருந்து பெரும்பாலும் அதே வேடத்தில் வருகிறது. ஐபேட் சஃபாரி 2019 முதல் இயல்பாக மேக் கணினி போலவே தன்னைக் காட்டிக்கொள்ளும். பள்ளிகளில் ஐபேட் புழங்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. நாட்டை முடிவுசெய்வது இணைய முகவரி என்பதால், சென்னையில் உட்கார்ந்து சிங்கப்பூர் வழியாக விபிஎன் (வேறு நாட்டு முகவரியைக் காட்டும் இணைப்பு) போட்டவரும் இங்குள்ளவர் ஆகிவிடுவார்.

ஆகவே தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை மறந்துவிடலாம். ஒரு மாதத்தில் அரை விழுக்காடு ஏறி இறங்குவதற்குப் பொருள் இல்லை. மூன்று நான்கு மாதம் ஒரே பக்கம் சாய்ந்தால் கவனிக்கலாம்.

ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா வெளியிடும் ஃபயர்பாக்ஸ் பொதுத் தரவு அறிக்கை இதைவிட நேர்மையான அளவு: கடந்த 28 நாளில் இயங்கிய நிறுவல்களைச் சொல்கிறது. ஒருவர் வீட்டில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று வைத்திருந்தால் இரண்டாகும். ஒரே உலாவியின் கணக்கு என்பதால் ஒப்பிடவும் முடியாது.

கடைத்தளத்துக்கு உண்மையான இலைக் கணக்கு அதன் சொந்தச் சேவையகப் பதிவேட்டில், அதாவது தளத்துக்கு வந்த ஒவ்வொரு கோரிக்கையும் பதிவாகும் கோப்பில், இருக்கிறது. ஆறு வாரப் பதிவு போதும், ஆனால் தீபாவளி விற்பனை வாரத்தைத் தனியாக வையுங்கள். அப்போது வரும் கூட்டம் வேறு. பெயரைப் பிரிக்கும் வரிசையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். எட்ஜ், ஆப்பரா, சாம்சுங் உலாவிகள் மூன்றும் தங்கள் அடையாள வரியில் (உலாவி தன்னைத் தளத்துக்கு அறிமுகப்படுத்தும் வரி) குரோம் பெயரையும் சுமந்து வருகின்றன. குரோமோ சஃபாரி பெயரைச் சுமக்கிறது. அதனால் முதலில் அந்த மூன்றையும் வடிகட்டி, பிறகு குரோம், கடைசியில் சஃபாரி. தலைகீழாகச் செய்தால் ஃபயர்பாக்ஸ் தவிர ஏறக்குறைய எல்லாமே சஃபாரி ஆகிவிடும். ஐபோனில் வரும் குரோமைத் தனியாகச் சோதிக்க நேரம் செலவிடத் தேவையில்லை. இங்கு விற்கும் ஐபோனில் எந்த உலாவியானாலும் உள்ளே ஓடுவது பக்கத்தை வரைந்து காட்டும் சஃபாரியின் வெப்கிட் இயந்திரம்தான்.