மாட்ரிட்டில் மார்ச் 11 நடைப்பயணம்: போகலாமா?

லவாப்பியேஸ் தெருக்களில் கிளம்பி, அட்டோச்சா ரயில் நிலையம் வழியாக ரெத்திரோ பூங்கா வரை ஒரு வழிகாட்டிப் பெண் கூட்டிப்போகிறார். ஆளுக்கு 20 யூரோ. 2004 மார்ச் 11 ரயில் குண்டுவெடிப்பைப் பற்றி மட்டும்தான் பேச்சு. குற்ற வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். தாராளமாகப் போகலாம் என்பேன்.

இந்தக் குண்டுவெடிப்பில் தண்டனை பெற்ற ஜமால் ஸூகாம் வழக்கை அவர் சொன்ன விதத்துக்காகவே போகலாம். ஸூகாம் மொராக்கோவின் டாஞ்சியரில் பிறந்தவர், லவாப்பியேஸில் செல்போன் கடை வைத்திருந்தவர். அன்று காலை வேலைக்குப் போகும் கூட்டம் நிறைந்த நான்கு ரயில்களில் 10 குண்டுகள் வெடித்தன. வெடிக்காத பை ஒன்று, பயணிகளின் உடைமைகளோடு சேர்ந்து வயேகாஸ் காவல் நிலையத்துக்குப் போய்விட்டது. ராத்திரி திறந்து பார்த்தால் வெடிமருந்து, ஆணிகள், ஒரு செல்போன். அதிலிருந்த சிம் கார்டைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ், 13ஆம் தேதியே ஸூகாமைக் கைது செய்தது. அன்று பிடிபட்ட ஐவரில் இரண்டு பேர் இந்தியர்கள், அப்புறம் விடுவிக்கப்பட்டார்கள். பலரும் தாண்டிப்போகும் இந்த விவரத்தை அவர் விடவில்லை.

சிம் கார்டு விற்றவன் எல்லாம் குண்டு வைத்தவன் ஆகிவிடுவானா? நான் கேட்கும் முன் அவரே அதை எடுத்தார். ரயிலில் ஸூகாமைக் கண்டதாகப் பயணிகள் சொன்ன சாட்சியம்தான் தீர்ப்பின் முதுகெலும்பு. தான் செய்யவில்லை என்றே ஸூகாம் சொல்லிவந்தார். 2007 அக்டோபர் 31 அன்று 42,900 ஆண்டுகளுக்கு மேல் தண்டனை விதித்தார்கள். சட்டப்படி உள்ளே இருக்க வேண்டியது அதிகபட்சம் 40. அதே தீர்ப்பில் 7 பேர் விடுதலையானதையும் வழிகாட்டி சொன்னார். இரண்டு பக்கமும் இப்படி எடுத்துவைப்பவரை நான் மதிக்கிறேன்.

எங்களோடு வந்த ஒருவர், அந்தக் கடை இருந்த இடத்தைக் காட்டுங்கள், போட்டோ எடுக்க வேண்டும் என்றார். "இப்போது அங்கே பிழைப்பவர்கள் வேறு ஆட்கள்" என்று சொல்லிவிட்டு வழிகாட்டி நடையைக் கட்டினார். ரொம்பச் சரி.

குறை ரெத்திரோவில்தான். நினைவு வனத்தில் 170 சைப்ரஸ், 22 ஆலிவ், மொத்தம் 192 மரங்கள். ரயில்களில் இறந்த 191 பேருக்கும், ஏப்ரல் 3 அன்று மாட்ரிட்டை அடுத்த லெகானெஸில் சந்தேக நபர்கள் தங்களையே வெடிக்கவைத்தபோது இறந்த காவலருக்கும் ஆளுக்கொரு மரம். இதைச் சொல்லக்கூட நேரமில்லாமல் அவசரமாக முடித்துவிட்டார். இறந்தவர்களுக்கான இடத்தில் போய் அவசரப்படலாமா? இதை அவரிடமே சொன்னேன். மாலை நடையில் இருட்டுவதற்குள் முடிக்க வேண்டியிருக்கிறது என்றார். நீங்கள் காலை நடைக்கே பதிவு செய்யுங்கள்.