அதிகாரி நேரில் வரவேண்டுமா, அறிக்கை போதுமா? காவல்துறையோடு சமூக மன்றங்கள் பேச நான்கு வழிகள்

தம் பகுதி மக்களின் சார்பில் பேசும் சமூக மன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் ஒட்டுறவு இல்லை என்ற குறை எழுந்தாலே முதல் கோரிக்கை இதுவாகத்தான் இருக்கும்: "மாதா மாதம் ஓர் அதிகாரி கூட்டத்துக்கு நேரில் வரவேண்டும்." நியாயமான கோரிக்கைதான். ஆனால் அது ஒன்றே வழியல்ல. எழுத்தறிக்கை, இணையவழிப் பங்கேற்பு, பல மன்றங்கள் சேர்ந்து நடத்தும் காலாண்டுக் கூட்டம் என்று வேறு மூன்று ஏற்பாடுகளும் புழக்கத்தில் உள்ளன. நான்கையும் ஒரே கேள்வியால் அளக்கலாம்: போன கூட்டத்தில் சொன்ன பிரச்சினைக்கு இந்தக் கூட்டத்தில் பதில் கிடைக்கிறதா?

ஸ்காட்லாந்தைப் பாருங்கள். 1973-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் வழியே வந்த சமூக மன்றங்கள் அங்கே சுமார் 1,200 இருக்கின்றன. உறுப்பினர்களுக்குச் சம்பளம் இல்லை. காவல்துறைக்கு உத்தரவிடும் அதிகாரமும் இல்லை. 2013 ஏப்ரல் 1 அன்று எட்டு வட்டாரக் காவல் படைகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. அதற்கு வழிசெய்த 2012 சட்டம், 32 உள்ளாட்சிப் பகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பு அதிகாரியும் ஒரு காவல் திட்டமும் இருக்கவேண்டும் என்றது. திட்டம் போடப்படுவது உள்ளாட்சி அளவில். மன்றம் உட்கார்ந்திருப்பது அதற்கு ஒரு படி கீழே. அந்த ஒரு படியை எப்படி இணைப்பது என்பதுதான் கேள்வி, ஸ்காட்லாந்தில் மட்டுமல்ல.

நேரில் வருகை

இதன் பலம் கூட்டம் முடிந்த பிறகுதான் தெரியும். எல்லார் முன்னிலையிலும் வாய் திறக்காதவர், நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில் அதிகாரியை ஓரமாக அழைத்து, எந்த வீட்டுக்கு இரவில் வண்டிகள் வந்து போகின்றன என்று சொல்லுவார். எந்தப் படிவத்திலும் இந்தத் தகவல் வராது. அதிகாரியின் முகம் தெரிந்திருந்தால்தான் அதுவும் வரும். மாதம் ஒரு புது முகம் வந்தால் வராது.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஒரு காவல் குழுவின் எல்லைக்குள் ஆறு மன்றங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் மாதம் ஒருமுறை, மாலையில், இரண்டு மணி நேரம். போய்வர ஒரு மணி நேரம் சேர்த்தால் மாதம் 18 மணி நேரம், அதுவும் ரோந்துக்கு ஆள் அதிகம் தேவைப்படும் மாலைப் பொழுதில். இரண்டு மன்றங்கள் ஒரே நாளில் கூடினால் ஒன்று விடுபடும். ஷிஃப்ட் சுழலும்போது பொறுப்பு அதிகாரி விடுப்பில் இருப்பார். பதிலுக்கு வருபவர் கையில் கொடுத்த தாளை வாசித்துவிட்டு, "இதைச் சொல்லி அனுப்புகிறேன்" என்று கிளம்புவார். மூன்று மாதம் இப்படி நடந்தால் வருகையே அவநம்பிக்கையை வளர்க்கும்.

இந்த வழியில்தான் போவது என்றால் சில ஏற்பாடுகள் கட்டாயம். ஆண்டு முழுவதற்கான கூட்டத் தேதிகளை முன்கூட்டியே நிலையத்தின் பொது மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அதிகாரியின் சொந்த முகவரிக்கு அனுப்பினால் அவர் மாற்றலாகும்போது தேதிகளும் அவரோடு போய்விடும். நிகழ்ச்சி நிரலில் காவல்துறையை முதல் அம்சமாக வையுங்கள்: 20 நிமிடம் போதும். போன மாத விஷயங்களுக்குப் பதில் சொல்ல 5 நிமிடம், நிலவரத்துக்கு 5, புதிய பிரச்சினைகளுக்கு 10. அதன் பிறகு அவர் போகலாம். கட்டட அனுமதி விவாதம் முடியும்வரை ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தால் அடுத்த மாதம் வரமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சிகாகோவில் 1993-இல் ஐந்து காவல் மாவட்டங்களில் தொடங்கிப் பின்னர் நகர் முழுவதும் பரவிய சமூகக் காவல் திட்டத்தில் மாதாந்திர பீட் கூட்டமே (பீட் என்பது ஒரே காவலர்கள் தொடர்ந்து கவனிக்கும் சிறு பகுதி) முதுகெலும்பு. அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள் கண்டது: கூட்டத்துக்கு வந்தவர்களில் சொந்த வீட்டுக்காரர்களும் வயதில் மூத்தவர்களும்தான் அதிகம், லத்தீன் அமெரிக்கப் பின்னணி கொண்டவர்கள் தங்கள் மக்கள்தொகைக்கு ஏற்ப வரவில்லை. அதிகாரி நேரில் வருவதாலேயே ஊர் முழுவதும் பேசிவிட்டதாக ஆகாது.

எழுத்தறிக்கை

பலர் இதைக் குறைவாக மதிப்பிடுகிறார்கள். ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு பக்க அறிக்கை, தயாராகாமல் வந்த அதிகாரியை விடப் பயன்படும். ஆனால் பெரும்பாலான அறிக்கைகள் ஒழுங்காக எழுதப்படுவதில்லை என்பதும் உண்மை. கெடுவது மூன்று இடங்களில்.

முதலாவது எல்லை. காவல்துறையின் பீட் எல்லையும் மன்றத்தின் எல்லையும் அபூர்வமாகவே பொருந்தும். பக்கத்து மன்றத்தின் கடைத்தெருவோ மருத்துவமனையோ அதே பீட்டுக்குள் இருந்தால், அங்கே நடந்த திருட்டெல்லாம் உங்கள் கணக்கில் ஏறி, அமைதியான தெருக்காரர்களைக் கலங்கடிக்கும். மன்றம் தன் தெருப் பெயர்ப் பட்டியலையும் வரைபடத்தையும் நிலையத்துக்கு ஒருமுறை கொடுத்து, அதை வைத்து வடிகட்டித் தரச் சொல்லவேண்டும். ஒருநாள் வேலை, பல ஆண்டுப் பலன்.

இரண்டாவது எண். "வீடு புகுந்து திருட்டு 100 சதவீதம் உயர்வு" என்று வரும். விசாரித்தால் இரண்டு நான்காகியிருக்கும். சிறு பகுதிக்குச் சதவீதமே வேண்டாம். இந்த மாத எண்ணிக்கை, போன ஆண்டு இதே மாத எண்ணிக்கை, மூன்றாண்டுச் சராசரி, இவை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும். வந்த அழைப்புகளையும் பதிவான குற்றங்களையும் ஒரே வரியில் கலக்கக்கூடாது. ஒரே சத்தத்துக்கு ஐந்து வீட்டிலிருந்து அழைப்பு வரும்.

மூன்றாவது அந்தரங்கம். நாற்பது வீடுள்ள தெருவில் "ஒரு குடும்ப வன்முறைச் சம்பவம்" என்று எழுதினால் யார் வீடு என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். பாதிக்கப்பட்டவர் அடுத்தமுறை போலீசை அழைக்கவே யோசிப்பார். இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறைகளின் பொதுக் குற்ற வரைபடம் இதற்காகவே சம்பவ இடத்தை அருகிலுள்ள ஒரு பொதுப் புள்ளிக்கு நகர்த்திக் காட்டுகிறது. ஒரு புள்ளியின் வட்டத்துக்குள் குறைந்தது எட்டு முகவரிகள் இருக்கவேண்டும், அல்லது ஒன்றுமே இருக்கக்கூடாது. மன்ற அறிக்கைக்கும் இதே கவனம் வேண்டும்: குடும்ப வன்முறை, பாலியல் குற்றங்களைத் தெரு அளவில் சொல்லவே கூடாது.

அறிக்கை கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்னதாக வரவேண்டும். அன்று மாலை வந்தால் யாரும் படித்திருக்கமாட்டார்கள். செயலாளர் வாசிக்க, கேள்வி கேட்க ஆளில்லாமல் கடந்துபோகும். எழுத்துமூலக் கேள்விகளை இரண்டு நாள் முன்பு திருப்பி அனுப்பினால், அதிகாரி வராமலே பதில் கூட்டத்துக்கு வந்துசேரும்.

இணையவழி

பணியில் இருக்கும் அதிகாரி நிலையத்திலிருந்தே 15 நிமிடம் இணைய முடிகிறது. பயண நேரம் மிச்சம். தொலைதூரக் கிராமங்களுக்கும் தீவுகளுக்கும் வேறு வழி இல்லாத நிலையும் உண்டு. ஆனால் மண்டபத்தில் பாதிப் பேர், திரையில் ஓர் அதிகாரி என்ற கலப்புக் கூட்டம் ஒலியில்தான் தோற்கும். மடிக்கணினியின் சிறு மைக் கடைசி வரிசைக் குரலைப் பிடிக்காது. மேசை நடுவில் தனி மைக் வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் தலைவர் திரும்பச் சொன்னால் சமாளிக்கலாம். பதிவு செய்வது கூடாது. செய்தால் மக்கள் அடக்கி வாசிப்பார்கள், அதிகாரியும் அப்படியே.

காலாண்டுக் கூட்டுக் கூட்டம்

ஐந்தாறு மன்றங்கள் சேர்ந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயர் அதிகாரியைச் சந்திப்பது. ரோந்து நேரத்தை மாற்றவும் ஆட்களை நகர்த்தவும் அதிகாரமுள்ளவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். பீட் அதிகாரியிடம் அது கிடையாது. ஆனால் சிறிய மன்றத்தின் குரல் இங்கே அமுங்கிப்போகும். மன்றத்துக்கு ஒரு பிரச்சினை, அதுவும் ஒரு வாரம் முன்பே எழுத்தில், என்று வைத்தால் ஓரளவு சரியாகும்.

அந்த ஒரு பிரச்சினையை எழுதும் விதத்தில்தான் பாதி வெற்றி. "வாகனங்கள் வேகமாகப் போகின்றன" என்றால் எந்த அதிகாரிக்கும் பிடி கிடைக்காது. "பள்ளிக்கு முன்னுள்ள சாலையில், வேலை நாட்களில், மாலை 3 முதல் 4 வரை, இரட்டை வரிசையில் வண்டி நிறுத்துவதால் பிள்ளைகள் நடுச்சாலையில் இறங்குகிறார்கள்" என்றால் என்றைக்கு, எங்கே ஆள் நிறுத்துவது என்பது தெரிந்துவிடும். வேகத்தடை கேட்பதானால் அது சாலைத் துறையின் வேலை. அந்தத் துறையிலிருந்து ஒருவரையும் அன்றே கூப்பிடவேண்டும். இல்லாவிட்டால் இரு துறையும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருக்கும்.

எதைத் தேர்வது

பெரும்பாலான மன்றங்களுக்கு என் பரிந்துரை: மாதந்தோறும் எழுத்தறிக்கை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லி அறியப்பட்ட அதே அதிகாரியின் நேரடி வருகை. ஆறு மன்றக் கணக்கில் மாதம் 18 மணி நேரம் சராசரியாக 6 ஆகக் குறைகிறது. 20 நிமிட ஒழுங்கைக் கடைப்பிடித்தால் அதைவிடவும் குறையும். அதை நிலையம் உண்மையிலேயே காப்பாற்ற முடியும். மாதா மாதம் வருவதாக வாக்குக் கொடுத்து மீறுவதைவிட இது எவ்வளவோ மேல். திடீரென்று ஒரு வகைக் குற்றம் பெருகும் இடங்களில், அடங்கும்வரை மாத வருகைக்கு மாறலாம். இணைய இணைப்பை மாற்று ஏற்பாடாக மட்டும் வையுங்கள். கூட்டுக் கூட்டம், ஆள்பலம் சார்ந்த கோரிக்கை இருக்கும்போது.

எந்த வழியானாலும் ஒரு பதிவேடு இருந்தே ஆகவேண்டும். ஐந்து நெடுவரிசைகள்: பிரச்சினை, சொன்ன தேதி, பொறுப்பானவர் பெயர், பதில் தரவேண்டிய தேதி, என்ன நடந்தது. "எதுவும் செய்ய இயலாது, காரணம் இது" என்பதும் பதில்தான். வெற்றுக் கட்டம் பதிலல்ல. மன்றச் செயலாளரே இதை வைத்திருக்கட்டும். நிலையத்தில் வைத்தால் மாற்றல்களில் தொலையும். பொறுப்பு அதிகாரி மாறும் வாரத்திலேயே, இன்னும் தீராத பிரச்சினைகளின் வரிகளை மட்டும் ஒரு பக்கத்தில் எடுத்து, தெருப் பட்டியலோடும் கூட்டத் தேதிகளோடும் புதியவருக்கு அனுப்பிவிடுங்கள்.