புத்தகத்தோட கற்றலொக்கும் (லைப்ரரிப் பட்டியல் விபரம்) சேர்த்து அனுப்பிற சேவை – நாலு மாசம் பாவிச்ச கதை

எனக்கு யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் சின்னப் புத்தகக் கடை, அதோட இஞ்ச அச்சடிக்கிற புத்தகங்களை வெளிநாட்டு யூனிவசிற்றி லைப்ரரியளுக்கும் அனுப்புறனான். போன வருசம் ஒரு லைப்ரரி நேராவே சொல்லிப்போட்டுது, தமிழ் வாசிச்சுப் பட்டியல் போட எங்களிட்ட ஆளில்லை, மார்க் ரெக்கோட்டோட (லைப்ரரிக் கொம்பியூட்டர் வாசிக்கிற புத்தக விபரப் பதிவு) அனுப்பினால் வாங்குறம், இல்லாட்டி பெட்டி பிரிக்காமல் ஸ்ரோருக்குள்ளதான் கிடக்கும் எண்டு. வேற வழியில்லாமல் ஒரு பட்டியலாக்கச் சேவையோட சேர்ந்தன், பேர் இஞ்ச வேண்டாம்.

வேலை சுகம்தான். பெரிய பதிப்பகக்காரர் புத்தக விபரங்களை ஓனிக்ஸ் எண்டு ஒரு ஃபைலில அனுப்புவினமாம், எங்களுக்கு எக்ஸெல் காணும். தலைப்பு, ஆசிரியர், பக்கம், விலை, ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்குக் குடுக்கிற நம்பர்) எல்லாம் நிரப்பிக் குடுத்தால் சேவைக்காரர் அதை மார்க் 21 எண்ட வடிவத்தில ரெக்கோட் ஆக்கித் தருவினம், லைப்ரரிக்காரர் அதைத் தங்கட கோஹா எண்ட லைப்ரரி மென்பொருளிலயோ வேற எதிலயோ ஏத்துவினம், உலக லைப்ரரியளின்ர பொதுப் பட்டியலான வேர்ல்ட்கற்றிலயும் ஏறினால் ரொறன்ரோவில இருக்கிற பெடியனும் தேடிப் பிடிப்பான். புதுப் புத்தகங்களின்ர ரெக்கோட் ரெண்டு கிழமைக்குள்ள வந்திட்டுது, அதுக்கு முழுப் புள்ளியும் குடுக்கலாம்.

பிரச்சினை பேரில. எங்கட எழுத்தாளர் அக்கா ஒராள் தன்ர பேருக்குப் பின்னால மனுசன்ர பேரைப் போடுறவ. அவை கடைசிப் பேரைக் குடும்பப் பேர் எண்டு நினைச்சு முன்னுக்குத் தூக்கி, கொமா போட்டு, அக்காவைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டினம். புத்தகம் எழுதினது மனுசி, அகரவரிசையில நிக்கிறது மனுசன்! அக்காவுக்குச் சொன்னன், சிரிச்சா, பிறகு கோவம் வந்திட்டுது.

அடுத்தது எழுத்து. ரெக்கோட்டில 880 எண்டொரு புலம் இருக்கு, தலைப்பைத் தமிழ் எழுத்திலயே அதுக்குள்ள வைக்கலாம், அவை அதை வெறுமையா விட்டிட்டு ஆங்கில எழுத்து மட்டும் போட்டிருந்தினம், அதிலயும் ழ, ள, ல மூண்டும் ஒண்டுதான், கீழ்க்கோடும் இல்லை புள்ளியும் இல்லை. கிளியும் கிழியும் ஒரே எழுத்துக்கூட்டல்ல வந்தால் தேடுறவன் என்ன செய்வான்? நாலு ஈமெயிலுக்குப் பிறகுதான் திருத்தினவை.

பிழை முழுக்க அவையிலயும் இல்லை. 955 இல தொடங்கிற பழைய ஐஎஸ்பிஎன்னை ரெண்டாம் பதிப்புக்கும் அப்பிடியே போட்டு அச்சடிச்சிருக்கினம் எங்கட பதிப்பகக்காரர், கொழும்பில தேசிய நூலகத்திட்டப் புதுசு எடுக்கப் பஞ்சி. ரெண்டு பதிப்பும் ஒரே ரெக்கோட்டில போய் ஒட்டிக்கொண்டுது, பக்க எண்ணிக்கை ஒண்டுக்கும் பொருந்தேல்ல. எண்பதுகளில வந்ததுகளுக்கு நம்பரே இல்லை, 'நூலகம்' எண்ட எண்ணிமத் தளத்தில தேடி வருசத்தைச் சரிபார்த்து நான்தான் கையால அடிச்சுக் குடுத்தன்.

பதிப்பகக்காரருக்குச் சொல்லுறன், தலைப்புப் பக்கத்தையும் அதின்ர பின்பக்கத்தையும் ஃபோனில படமெடுத்து எக்ஸெல்லோட அனுப்புங்கோ, பாதித் தலையிடி குறையும். அடுத்த பெட்டி மாசியில போகுது, எக்ஸெல்லில பேருக்கு இந்தமுறை ரெண்டு கட்டம் போட்டிருக்கிறன், சொந்தப் பேர் ஒண்டு, தகப்பன் இல்லாட்டி புருசன் பேர் மற்றது.