பைத்தான் டியூட்டர்: நிரல் ஓடுவதைக் கண்முன் காட்டும் தளம்

எழுதிய வரிகளைக் கணினி எந்த வரிசையில் நிறைவேற்றுகிறது, ஒவ்வொரு வரி முடிந்ததும் நினைவகத்தில் என்ன மாறியிருக்கிறது என்பதை மனக்கண்ணில் கொண்டுவர இயலாமல்தான் நிரலாக்கம் பயிலத் தொடங்குவோரில் பலர் சோர்ந்துபோகிறார்கள். 2010-இல் ஃபிலிப் குவோ உருவாக்கிய பைத்தான் டியூட்டர் என்ற இணையதளம் இந்த ஒரு தடையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை மிக நன்றாகக் களைகிறது. இதற்குக் கட்டணம் இல்லை. நிரலை ஒட்டி இயக்கினால் போதும்.

திரையின் ஒரு பக்கம் நிரலும் மறுபக்கம் நினைவகத்தின் படமும் தெரிகின்றன. இப்போது முடிந்த வரியைப் பச்சை அம்பும் அடுத்து நிறைவேறவிருக்கும் வரியைச் சிவப்பு அம்பும் சுட்டுகின்றன. முன்னே நகர்வதைப் போலவே பின்னேயும் செல்லலாம் என்பது கற்பவருக்குப் பெரிய வசதி.

இதன் அருமையை அறிய, மதிப்பெண் என்ற மாறியில் (மதிப்பைச் சுட்டும் பெயரில்) 40, 55, 70 கொண்ட பட்டியலை வைத்து, அடுத்த வரியில் நகல் என்ற மாறிக்கு அதையே அளித்து, பிறகு நகலின் இறுதியில் 90-ஐச் சேர்த்துப் பாருங்கள். மதிப்பெண்ணை அச்சிட்டாலும் அதில் 90 இருக்கும். எத்தனை முறை விளக்கினாலும் பிடிபடாத இந்தச் செய்தி, இரண்டாம் வரி முடிந்தவுடன் புதிய பட்டியல் எதுவும் தோன்றாமல், நினைவகப் படத்தில் நகலிலிருந்து பழைய பட்டியலை நோக்கியே இன்னோர் அம்பு நீள்வதைக் கண்டதும் தெளிவாகிவிடுகிறது. எண்களை மட்டும் மாறியின் அருகிலேயே எழுதிக் காட்டுவது உண்மையில் ஓர் எளிமைப்படுத்தல்தான். பைத்தான் மொழியில் எண்ணும், பட்டியலைப் போலவே, நினைவகத்தில் இருக்கும் ஒரு பொருளே (object). விரும்புவோர் அமைப்பை மாற்றி அதையும் அம்புக்குறியோடு காணலாம்.

ஒரு செயற்கூறு (குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல்பகுதி) தன்னையே அழைக்கும் தற்சுழற்சிக்கும் இதைவிட நல்ல விளக்கம் அரிது. 5-இன் தொடர்பெருக்கலை (5×4×3×2×1) கணக்கிடும் செயற்கூறு தன்னையே அழைக்கும்போதெல்லாம் அந்த அழைப்பின் மாறிகளைக் காட்டும் பெட்டியான புதிய சட்டகம் ஒன்று சேர்கிறது; 5, 4, 3 என ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மதிப்பைத் தாங்கி நிற்கிறது. கடைசி அழைப்பு விடையைத் திருப்பி அளித்ததும் அவை ஒவ்வொன்றாக மறைந்து, 120 வந்துசேர்கிறது.

ஜாவா, சி, சி++, ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மொழிகளின் நிரல்களையும் இயக்கலாம் என்பதால், பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்று பயிலும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது இருமுறை உதவும். சி++ நிரலில் மதிப்பளிக்கப்படாத மாறியைக் கேள்விக்குறியோடு காட்டுவது ஆரம்பத்திலேயே நல்ல எச்சரிக்கை.

குறைகளும் உண்டு. இது சிறு நிரல்களுக்கே உரியது: ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப நிறைவேற்றும் நீண்ட மடக்குகள், தளம் காட்டும் படிகளின் வரம்பை எட்டி நின்றுவிடும், நம் கணினியிலுள்ள கோப்புகளைப் படிக்கவும் இயலாது. கைப்பேசித் திரையில் அம்புகள் நெருக்கியடித்துக்கொள்கின்றன. பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் பார்த்த திருப்தி மட்டுமே மிஞ்சும். அடுத்த படியில் என்ன மாறும் என்று தாளில் எழுதிவைத்த பிறகே அழுத்த வேண்டும். ஆசிரியர்கள் காட்சிக்கான இணைப்பை உருவாக்கி மாணவர்களுக்கு அனுப்பலாம். வகுப்பில் கரும்பலகையில் வரைந்த அதே நிரலை வீட்டில் அவர்கள் படிப்படியாக ஓட்டிப் பார்க்க இது வழிசெய்கிறது.