கிரே ஸ்ட்ரீட் நடைச்சுற்றுலா: 4,200 ராண்ட் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து 'இருண்ட வரலாறு' காட்டுகிறேன் என்று ஆன்லைனில் நடைச்சுற்றுலா புக் செய்யப்போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள். எனக்கு வயிறு எரிகிறது.

திருச்சியிலிருந்து அண்ணன் குடும்பம் வந்திருந்தது. சுற்றுலா டிக்கெட் விற்கும் ஒரு பெரிய தளத்தில் இதைப் பார்த்தேன். இந்தியர்களின் பழைய கடைத்தெருவான கிரே ஸ்ட்ரீட், ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே மூண்டு 142 பேர் செத்த 1949 கலவரம் நடந்த இடங்கள், இந்தியர்களின் நில உரிமையைக் கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்த 1946 போராட்டத்தின் ரெட் ஸ்கொயர், கறுப்பர்கள் நடமாட அனுமதிச் சீட்டு கேட்ட பாஸ் சட்டக் கொடுமையைச் சொல்லும் க்வாமுஹ்லே மியூசியம், கடைசியில் சோம்ட்சு ரோட்டில் மேகசின் பராக்ஸ் இருந்த இடம். தலைக்கு 700 ராண்ட். ஆறு பேருக்கு 4,200.

பணம் கட்டுமுன் ஒரு சந்தேகம் கேட்டேன். உடனே பதில்: "வணக்கம் அக்கா, எங்க பாட்டியும் மேகசின் பராக்ஸ்லதான் பிறந்தாங்க." தமிழில்! என் மாமியார் பிறந்ததும் அங்கேதான். முனிசிபாலிட்டியில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளிகள் குடியிருந்த இடம். 1960களில், நிறவெறி ஆட்சிக் காலத்தில், அத்தனை பேரையும் கிளப்பி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபடி அங்கே போய் நிற்கலாம் என்றதும் அத்தை முந்தின நாளே புடவை எடுத்து வைத்துவிட்டார். அந்த ஒரு வரியை நம்பித்தான் கார்டைத் தட்டினேன்.

போன சனிக்கிழமை ஜும்மா மசூதி வாசலில் வெயிலில் காத்திருந்தோம். ரொம்ப நேரம் கழித்து ஒரு பையன் வந்தான். தமிழும் தெரியாது, வரலாறும் தெரியாது. உடைந்த போன் திரையைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எதையோ வாசித்தான். விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் 1860இல் கட்டியதாம்! பழைய மார்க்கெட் 1973இல் எரிந்துபோனது, இது அதற்கப்புறம் கட்டியது என்று அத்தை சொன்னார். "ஓகே ஆன்ட்டி" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டான். 1949 கலவரம் இந்தப் பக்கம்தான் வெடித்தது, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நேராக ஒரு மசாலாக் கடைக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தான். கடைக்காரர் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்துக் காட்ட, அண்ணி மரியாதைக்கு இரண்டு வாங்கினார். கமிஷன்தான், வேறென்ன? "வேன் கொண்டு வரேன்" என்று வெளியே போனவன் திரும்பவே இல்லை. ரெட் ஸ்கொயர் இன்று கார் பார்க்கிங், அதைக்கூடக் காட்டவில்லை. அத்தை கடை வாசல் ஸ்டூலில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பசி என்று அழ ஆரம்பித்ததும் டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்தோம். அதற்கும் தனிக்காசு.

அப்புறம்தான் கூத்து. "வணக்கம் அக்கா" ஆள் போனை எடுப்பதில்லை. மெசேஜ் நீலமாகிறது, பதில் இல்லை. அலுவலக எண்ணில் ஒரு பெண், "மேனேஜர் கூப்பிடுவார்" என்கிறாள். எந்த மேனேஜரும் கூப்பிடவில்லை. டிக்கெட் தளமோ, "சேவை முடிந்ததாகப் பதிவாகியுள்ளது, பணம் திரும்பாது" என்கிறது. யார் முடித்தது? மசாலாக் கடையில் உட்கார்ந்ததற்கா 4,200 ராண்ட்? வேன் வராத வாசலை போட்டோ எடுத்து அனுப்பினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வருகிறது, கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை.

நம் பாட்டன் பாட்டி பட்ட பாட்டைத் தூண்டிலில் மாட்டிக் காசு பார்க்கிறார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

புக் செய்யும் முன் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. வழிகாட்டியின் பெயரையும் பதிவு அட்டையையும் முன்கூட்டியே கேளுங்கள். முழுப் பணமும் முதலிலேயே கேட்டால் விட்டுவிடுங்கள். பாதியில் கடைக்குள் கூட்டிப்போனால் அங்கேயே வீடியோ எடுங்கள். தமிழில் பேசினான் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

நாளைக் காலை வங்கிக்குப் போய் கார்டில் போன 4,200 ராண்டைத் திரும்பக் கேட்கப்போகிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.