விடுமுறையில் அம்மாவுக்குப் பார்த்த சிறுநீர்க் கசிவுச் சிகிச்சை

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும்போது பெற்றோரைக் கண், பல், இதயப் பரிசோதனைகளுக்குத் தவறாமல் அழைத்துச் செல்கிறோம். இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது என்பதை மட்டும் அவர்களும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. அம்மா பேருந்துப் பயணங்களைத் தவிர்த்து வந்ததன் காரணமே இதுதான் என்று தங்கை சொன்ன பிறகு, சிறுநீரியல் (யூராலஜி) பிரிவு உள்ள ஒரு மருத்துவமனைக்குச் சென்றோம்.

சிறுநீரில் தொற்றோ சர்க்கரையோ உள்ளதா என்ற பரிசோதனையும், கழித்த பின் சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று காட்டும் ஸ்கேனும் விரைவாக முடிந்தன. ஆனால் ஸ்கேனுக்காகத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்குக் கழிப்பறை ஒரு தளம் தள்ளி இருந்ததும், வந்த காரணத்தை எல்லோர் முன்னிலையிலும் கவுன்ட்டரில் கேட்டதும் மாற வேண்டியவை.

உண்மையான பயன் இயன்முறை மருத்துவரிடம்தான் கிடைத்தது. குடித்தது, கழித்த நேரம், கசிந்த வேளை ஆகியவற்றை 3 நாள் எழுதிவரச் சொன்னார். கசிவுக்குப் பயந்து அம்மா தண்ணீரைக் குறைத்திருந்ததும், உணர்வே வராதபோதும் முன்னெச்சரிக்கையாக அடிக்கடி சென்றதும் அதில் தெரிந்தன. அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தும் என்றும், அடிக்கடி கழித்தால் சிறிதளவு நிரம்பியதுமே அவசரம் தோன்றப் பை பழகிவிடும் என்றும் விளக்கி, இடைவெளியைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக நீட்டச் சொன்னார்.

சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்படித் தசைகளுக்கான பயிற்சியைத் தாளில் எழுதித் தந்து அனுப்பிவிடாமல், சரியான தசைதான் இறுகுகிறதா என்று பரிசோதித்தது எனக்கு மிகுந்த நிறைவளித்தது. பலர் அறியாமல் கீழ்நோக்கி முக்குகிறார்களாம். மூச்சை அடக்காமல், காற்றுப் பிரிவதைத் தடுப்பதுபோல் இறுக்கி, முடிந்தால் 10 விநாடி நிறுத்தி, அதே அளவு தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 10 முறை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பழகக் கூடாது. மலச்சிக்கலையும் நாள்பட்ட இருமலையும் உடன் கவனிக்க வேண்டும், ஏனெனில் இரண்டுமே அந்தத் தசைகளை அழுத்துபவை.

அழைத்துச் செல்ல நினைப்பவர்கள் விடுமுறையின் தொடக்கத்திலேயே செல்லுங்கள். குறிப்பெழுதி மறுபடி காட்ட அவகாசம் வேண்டும். புராஸ்டேட் அறுவைக்குப் பின் கசிவுள்ள ஆண்களுக்கும் இப்பயிற்சி உண்டு. சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ திடீரென அடைத்துக்கொண்டாலோ விடுமுறைவரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.