ராயபுரம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு: சுருக்கம் ஓகே, சியர்ஸ் சொதப்பல்

ராயபுரத்தில் மாலையில் நடக்கும் இந்த வகுப்பில் சுருக்கச் சொற்களை உருப்படியாகவே சொல்லித் தருகிறார்கள். ‘ஐட்’ (I'd) என்று காதில் விழுந்தால் அது ‘ஐ வுட்’டா ‘ஐ ஹேட்’டா என்று தெரிய அடுத்த சொல்லைப் பார்க்கணும்: ‘டூ’ வந்தால் ‘வுட்’, ‘டன்’ வந்தால் ‘ஹேட்’. ‘பெட்டர்’ வந்தாலும் ‘ஹேட்’தான். ‘கேன்’ என்பதை ‘கன்’ என்று லேசாக ஓட்டி, ‘கான்ட்’டை அழுத்தணும், இரண்டையும் ஒரே மாதிரி சொன்னால் போனில் கேட்பவர் ‘முடியும்’ என்றே எடுத்துக்கொள்வார். ‘யெஸ், ஐம்’ என்று பதிலை முடிக்கவும் விடுவதில்லை. ‘ஐ ஆம்’ வரும்வரை திருத்துகிறார்கள். சபாஷ்.

விருந்து வாழ்த்துப் பகுதிதான் அரைகுறை. ‘ஹியர் இஸ் டு’ என்று பிரித்து மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். ‘ஹியர்ஸ் டு த கப்பிள்’ என்று சேர்த்துச் சொன்னால்தான் இயல்பு. லண்டன்காரர் ‘சியர்ஸ்’ என்றால் பல நேரம் வெறும் ‘தேங்க்ஸ்’தான். அது பாடத்திலேயே இல்லை!